அம்மாவின் இரண்டாவது நிக்காஹ்

வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் என்னோடு அகீதா என்னும் நம்பிக்கைக் கோட்பாட்டு நூல் படிக்க அமரும் தோழியரே, ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று சென்ற வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி கூறவில்லை. ஈமான் என்னும் இறைநம்பிக்கையை முறிக்கும் சொற்கள் எவை என்னும் பாடம் தொடங்கியதும் நூலை மூடினேன். இன்றைக்கு இது போதும் என்றேன். "வயசான கண்ணு, வலிக்காதா? விடுங்கடி" என்று உங்களில் ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். கண் வலிக்கவில்லை. அந்தப் பாடத்தை நான் ஒருமுறை படித்திருக்கிறேன், பத்து வயதில். அதனால் நேர்ந்ததை உங்கள் முகம் பார்த்துச் சொல்லும் துணிவில்லாமல் எழுத முற்படுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவள் நான். பிற்பாடு கற்றதெல்லாம் அகராதியின் துணையோடு தனியே கற்றது. பிழையிருப்பின் பொறுத்துக்கொள்வீர்களாக.

ஒசூரில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தை, எங்கள் வழக்கில் அத்தா, எந்திர உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் லேத் ஓட்டினார். மத்திகிரி செல்லும் சாலையோரம், சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஆறு வீடுகளின் வரிசையில் நான்காவது எங்களுடையது. அத்தாவின் சட்டையில் ஏறிய கட்டிங் ஆயில் வாடை எந்தச் சோப்புக்கும் அடங்காது. லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள்களுள் சூட்டில் நீலம் பாய்ந்தவற்றைத் தேர்ந்து எனக்குக் கொண்டுவருவார். மயிலின் கழுத்தில் காணும் அதே நீலம். கையை அறுத்துவிடும் என்று அம்மா அவற்றைத் தொடவிடமாட்டார். ஆகவே அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பழைய பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். அந்த டப்பா எந்த வீடு மாற்றத்தில் தொலைந்ததோ, அறியேன்.

பள்ளிவாசலின் இமாமை ஹஜ்ரத் என்போம். வாணியம்பாடிப் பக்கத்து இளைஞர். உதடு அசையாமல் சிரிப்பவர். நடக்கையில் எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்து நடப்பவர். அவர் மனைவியை நாங்கள் ஆபா என்று அழைத்தோம். உருதுவில் அக்கா என்று பொருள். ஆபாவுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பள்ளிவாசலை ஒட்டிய இரண்டறை வீட்டில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட மாலை நேரத்தில், ஏழு சிறுமியருக்கு அகீதா சொல்லித்தந்தார். மற்ற அறுவரும் வீட்டில் உருது பேசுகிறவர்கள். நான் ஒருத்தி தமிழச்சி. அவர்களுக்கு ஒருமுறை சொன்னதை எனக்காக இன்னொருமுறை தம்முடைய தமிழில் சொல்வார். அந்த இரண்டாம் முறைக்காக நான் பெருமிதத்தோடு காத்திருப்பேன்.

அந்நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கல்லச்சில் அடித்த பழைய அரபுப் பிரதி. ஆபாவின் தந்தை சீராகக் கொடுத்தது. காலிகோ அட்டை, திறந்தால் பூச்சியுருண்டை வாசம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி. அதனுள் மூலவாசகம் பெரிய எழுத்தில் இருக்கும். பெட்டியைச் சுற்றி நாற்புறமும், சாய்வாகவும் சில இடங்களில் தலைகீழாகவும், பொடி எழுத்தில் உரை ஓடும். ஆபா பெட்டிக்குள் இருப்பதை மட்டுமே வாசிப்பார். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"அது நெறைய படிச்ச பெரிய பெரிய ஆலிம்ங்களுக்கு, பேட்டி," என்றார். மகளே என்பதை அப்படித்தான் சொல்வார். "நமக்கு நடுவுல இருக்கறதே ஜாஸ்தி."

இறைவனின் எட்டுப் பண்புகளை விரல் விட்டு எண்ணப் பழக்கினார். உயிர்த்திருத்தல், அறிதல், ஆற்றல், நாடுதல், கேட்டல், பார்த்தல், பேசுதல், படைத்தல். ஆறாவது விரலில் வரும் பார்த்தலே எனக்கு மிகவும் உவப்பானது. கறுப்புப் பாறைமேல் இருட்டில் ஊரும் கறுப்பெறும்பையும் அவன் பார்க்கிறான் என்று ஆபா விளக்கியபோது மற்றவர்கள் அஞ்சினார்கள். எனக்கோ அது துணையாக இருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் உள்ள நீலச் சுருள்கள் எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும் என்று எண்ணிக்கொள்வேன். கற்றவற்றுள் இன்றளவும் என்னைத் தாங்கி நிற்பது அந்த ஆறாவது விரல்தான். அதனாலேதான் அது அவ்வளவு கொடியதாகவும் ஆயிற்று.

அந்த ஐப்பசியில் என் தம்பிக்கு ஐந்து மாதம். காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கைவைத்தியம், மூன்றாம் நாள் ஒசூர் ஆஸ்பத்திரி. அங்கே பெங்களூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மழை. அத்திபெலே மாநில எல்லையில் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பஸ் நெடுநேரம் நகரவில்லை. அம்மாவின் மடியில், கன்னடம் பேசும் முன்பின் அறியாத பெண்மணிகள் இருவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, தம்பி அந்த வரிசையிலேயே போய்விட்டான். அன்று மாலையே ஆண்கள் எடுத்துச் சென்று அடக்கிவிட்டு வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கத்தலத்துக்குப் போவதில்லை. கூரைச் சட்டத்தில் கட்டிய புடவைத் தொட்டிலை அவிழ்க்க அம்மா யாரையும் விடவில்லை. அதன் கீழேயே அமர்ந்திருந்தார்.

அடுத்த வீட்டில் மாதா கோயிலுக்குச் செல்லும் குடும்பம். மத்திகிரியே பூர்வீகம். அந்த வீட்டம்மாவை நான் அத்தை என்பேன்; அம்மாவை அவர் அக்கா என்பார். ஏழாம் நாள், கஞ்சித் தூக்கோடு வந்து அம்மாவின் அருகில் அமர்ந்தார்.

"ஒரு வாய் குடிக்கா. பாலு கட்டிக்கினு ஜொரம் வரப்போவுது. ஆண்டவன் பாத்துக்கினுதான் இருக்கான்."

அம்மா தொட்டிலை நிமிர்ந்து பார்த்தார். "பாக்கல," என்றார். "அவன் பாக்கல. பாத்திருந்தா அந்த லாரிக்கு நடுவுல எம்புள்ளய விட்டிருப்பானா?"

அத்தை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வாசற்படியில் அமர்ந்திருந்த நான் ஆறாவது விரலைப் பிடித்துக்கொண்டேன்.

தோழியரே, அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்று நான் போகவில்லை. பண்புகளுள் ஒன்றை மறுத்தவர் ஈமானுக்கு வெளியே போய்விடுகிறார் என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தோம். தம்பி சுவனத்தில் இருப்பான். அங்கே அம்மா போக முடியாமல் ஆகிவிடுமோ என்னும் அச்சம் என்னைப் பிடித்தது. மாற்று வழி ஏதேனும் நூலில் இருக்கக்கூடும் என்றுதான் கேட்டேன்.

"ஆபா, ஒருத்தங்க அல்லா பாக்கலன்னு சொல்லிட்டா என்ன ஆவும்?"

ஆபா பக்கத்தைப் புரட்டினார். பெட்டிக்குள் விரலை ஓட்டினார். "ஈமான் போயிடும். திரும்பக் கலிமா சொல்லித்தான் உள்ள வரணும். ஷாதி ஆனவங்களா இருந்தா நிக்காஹும் போயிடும், மறுபடி ஓதணும்." பிறகு நிமிர்ந்தார். "யாரு சொன்னது, பேட்டி?"

"ஒரு பொம்பள."

"எந்தப் பொம்பள? அவங்களுக்குத் தெரியாம பாவத்துல இருப்பாங்களே. பாவம் இல்லியா?"

அந்தப் 'பாவம் இல்லியா' என்ற இரக்கத்தில் நான் கரைந்தேன். "எங்கம்மா," என்றேன். ஆறு சிறுமியரின் முகங்களும் என் பக்கம் திரும்பின.

மறுநாள் ஆபா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ரத் வெளியே சாலையைப் பார்த்தபடி, முதுகு காட்டி நின்றார். ஆபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மிக மெல்லப் பேசினார்; அந்த மென்மையை நான் மறக்க மாட்டேன்.

"அக்கா, துக்கத்துல ஒரு வார்த்தை வாயில வந்துடுச்சாமே."

"யாரு சொன்னா?"

ஆபாவின் பார்வை ஒரு கணம் என்மேல் பட்டு மீண்டது. அம்மாவும் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கண்களில் வியப்பு மட்டுமே இருந்தது.

அத்தா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஹஜ்ரத் அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். அத்தாவுக்கு மார்க்கம் என்பது பிறர் சொல்லக் கேட்டுத் தலையாட்டுவது. லேத்தில் ஒரு நூலிழை பிசகினால் பொருள் முழுதும் கழிவு என்று அறிந்தவர். இதையும் அவ்வாறே கொண்டார். வாசலில் நின்றபடி பேசினார், உள்ளே வரவில்லை.

"ஒரு கலிமா சொல்றதுல என்னா வந்துரும், புள்ள? சொல்லிரு. ஞாயித்துக்கெழமை ரெண்டு சாட்சிய வச்சு ஓதிக்கிருவோம். அதுவரைக்கும் நான் உள்ள வரக் கூடாதாம்."

"அஞ்சு நேரமும் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்," என்றார் அம்மா. "காலையில தொழுதப்ப நீங்க பாக்கலையா?"

"அது வேறயாம். தப்ப ஒத்துக்கிட்டுச் சொல்லணுமாம்."

"நான் எப்பங்க வெளிய போனேன், இப்ப உள்ள வர்றதுக்கு? புள்ளைய பறிகொடுத்தவ அவங்கிட்டப் பொலம்பாம வேற யாருகிட்டப் பொலம்புவா?"

அத்தா பையில் இரண்டு சட்டைகளைத் திணித்துக்கொண்டு, உடன் வேலை செய்யும் திருமணமாகாத ஒருவரின் அறைக்குப் போய்விட்டார். அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்து வாசலில் வைத்துச் செல்வார். காலையில் ஆலைச் சங்கு ஊதியதும் அத்தா ஏறிய கம்பெனி பஸ் எங்கள் வாசலைக் கடக்கையில், அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதை நான் கண்டேன். ஒரு ஞாயிறு கழிந்தது. இன்னொன்றும் கழிந்தது. அம்மா இசையவில்லை.

இனி எழுதப்போவதை ஆபா கற்பிக்கவில்லை; யாருமே கற்பிக்கவில்லை. நானாகச் செய்தது. ஈமானில் இல்லாதவர் அறுத்த கோழி ஆகாது என்று எங்கோ கேட்டிருந்தேன். அப்படியானால் அவர் வடித்த சோறும் ஆகாது என்று நானே முடிவுகட்டினேன். முதலில் வயிற்றுவலி என்றேன். பிறகு பள்ளியில் தின்றுவிட்டேன் என்றேன். தட்டில் போட்ட சோற்றை அம்மா அறியாமல் கோழிக்கு இறைத்தேன். பசி தாளாத மூன்றாம் நாள், அடுத்த வீட்டு அத்தை கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தபோது இரண்டு உருண்டை விழுங்கினேன். என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு விஷயம் எப்படியோ விளங்கிவிட்டது.

"இன்னாடி இது? உங்கூட்ல சோறு வடிச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க, நீ இங்க வந்து முழுங்கற?"

நான் தட்டை நகர்த்தினேன்.

"சொல்லுடி. உங்கம்மா கையில இன்னா வெஷமா இருக்குது?"

"ஆகாதாம்," என்றேன்.

"ஆகாதா? யார்ரீ சொன்னது? எங்கூட்டுக் களி எறங்குது, பெத்தவ சோறு எறங்கலியா? எங்க சாமியார் கேட்டா சிரிச்சே செத்துடுவாரு!" என்று என் காதைப் பிடித்தார். அப்படியே எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்து அம்மாவின் முன்னால் நிறுத்தினார். "அக்கா, உம்பொண்ணு கதெய கேளு" என்று ஏளனமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, சோற்றுப் பானையை மூடி, கையைக் கழுவினார். முழங்கை வரை நெடுநேரம் கழுவினார். பின்பு அத்தையிடம் சொன்னார்:

"ஒங்க வீட்டுக்காரரு இவ அத்தா கூடத்தான வேலை பாக்குறாரு? ஞாயித்துக்கெழமை வரச் சொன்னேன்னு இவுககிட்டச் சொல்லச் சொல்லு. ஓதிக்கிருவோம்."

ஞாயிறு அஸருக்குப் பின் நால்வர் வந்தனர்: அத்தா, ஹஜ்ரத், சாட்சிகளாகப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியும் அத்தாவுடன் அறையில் இருந்தவரும். மறைப்புக்குத் திரை வேண்டுமென்றார் ஹஜ்ரத். எங்கள் வீட்டில் திரை ஏது? அம்மாவே முக்காலிமேல் ஏறித் தொட்டில் புடவையை அவிழ்த்தார். முடிச்சு மழையீரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். அறையின் குறுக்கே அதைக் கட்டிவிட்டு அதன் பின்னால் அமர்ந்தார். என்னையும் தம்மருகே அமர்த்திக்கொண்டார். தம்பியின் வாடை அந்தத் துணியில் இன்னும் இருந்தது.

"மஹர் என்னா கேக்கறாங்க?" என்றார் முத்தவல்லி. மணமகளுக்கு மணமகன் தர வேண்டிய பொருள் அது. அதைச் சொல்லாமல் நிக்காஹ் ஓதுவதில்லை.

திரைக்குப் பின்னிருந்து அம்மா சொன்னார்: "எம்புள்ளைய வச்ச எடத்த எனக்குக் காட்டணும்."

முத்தவல்லி தொண்டையைச் செருமினார். "அரே, பொம்பளைங்க அங்க வர்ற வழக்கம் இல்லம்மா."

"மஹர்னா அது ஒரு பொருளா இருக்கணும், அம்மா," என்றார் ஹஜ்ரத். தமக்குத் தெரிந்த வரையில் எங்களைக் காப்பாற்றவே அவர் வந்திருந்தார். அதை நான் இப்போதும் மறுக்கவில்லை.

திரைக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம் நகர்ந்து வந்தது. அத்தாவின் கை. "பொருளுக்கு இது. மத்தது எனக்கும் அவளுக்கும் உள்ளது, ஹஜ்ரத். நீங்க ஓதுங்க," என்றார்.

அம்மாவைக் கலிமா சொல்லச் சொன்னார் ஹஜ்ரத். அம்மா தெளிவாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இத நான் புதுசாச் சொல்லல. அதையும் சாட்சிங்க கேட்டுக்கங்க," என்றார். ஹஜ்ரத் ஓதத் தொடங்கினார். சம்மதம் கேட்டபோது, அம்மா என் தலைமேல் கை வைத்துக்கொண்டு, "சம்மதம்," என்றார். அன்று அத்தாவும் நானும் அருகருகே அமர்ந்து அம்மாவின் சோற்றைத் தின்றோம். அம்மா பரிமாறினார்.

அடுத்த வாரம் அத்தா ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சைக்கிளில் அம்மாவை அடக்கத்தலத்துக்கு அழைத்துச் சென்றார். நானும் வருகிறேன் என்றேன். "நீ வேண்டாம்," என்றார் அம்மா.

ஆபாவும் ஹஜ்ரத்தும் ஓராண்டுக்குள் வேறு ஊர்ப் பள்ளிவாசலுக்கு மாறிப்போனார்கள். நான் மணமுடித்துப் பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் பள்ளிக்குச் சென்ற பிறகு, அரபு எழுத்துக்கூட்டி அகராதியில் சொல் தேடும் பழக்கத்தை மேற்கொண்டேன். பிற்பாடு பெங்களூரில் பழைய நூல்கள் விற்கும் கடையில் அதே கல்லச்சுப் பிரதியைக் கண்டு வாங்கினேன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பெட்டிக்குள் ஆபா வாசித்தது சரியாகவே இருந்தது. அதே வரியின் நேரே, இடப்புற ஓரத்தில், சாய்ந்த பொடி எழுத்தில் உரையாசிரியர் எழுதியிருந்தார். அதை அகராதியோடு கூட்டிப் படித்து முடிக்க எனக்கு நான்கு நாட்களாயின. துயரத்தால் அறிவு கலங்கியவரின் நாவில் வந்த சொல், உள்ளம் நம்பிக்கையில் நிலைத்திருக்குமாயின், அவரை வெளியேற்றாது. அவரிடம் ஈமானைப் புதுப்பிக்கக் கேட்பதும் முறையன்று. இதுவே அதன் பொருள். எங்கள் விரல்கள் தினமும் தொட்டுப் புரட்டிய ஓரம் அது.

நூலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அத்தா அப்போது காலமாகியிருந்தார். வரிவரியாகப் பொருள் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்தவாறே கேட்டார்.

"இத நீ படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டியா?" என்றார். கீரைத் தண்டுகளைத் திரட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அம்மா என்னிடம் அன்பாகவே இருந்தார். என் பேறுகாலங்களில் வந்து தங்கினார். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். அத்தாவோடும் குறையின்றி வாழ்ந்தார். ஆயினும் அந்த மழைக்காலத்துக்குப் பின், நான் இருக்கும் அறையில் அவர் வாய்விட்டு அழுததில்லை. ஏதேனும் ஒரு வலி, ஓர் இழப்பு, ஒரு சலிப்பு அவர் நாக்கு நுனி வரை வரும். அப்போது கண்கள் ஒருமுறை சுழன்று நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கும். சொல் திரும்பிப் போய்விடும். அத்தா இறந்த அன்றுகூட அடுத்த வீட்டு அத்தையின் தோளில் முகம் புதைத்திருந்தவர், நான் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

சென்ற ஆண்டு, இடுப்பெலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெண் மருத்துவர் குனிந்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மா பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்; நெற்றியெல்லாம் வேர்வை. வாயைத் திறந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல," என்றார்.